கையெழுத்துக்கு மறுநாள்

பகை நாடுகள் இரண்டின் ராணுவத் தளபதிகளை ஒரே மேசையில் உட்கார வைப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை ஏராளம். எந்த ஊரில் கூடுவது? யார் முதலில் அறைக்குள் வருவது? வரைபடத்தைச் சுவரில் மாட்டலாமா, மாட்டினால் யார் அச்சிட்ட வரைபடம்? நிகழ்ச்சி நிரலில் யாருடைய புகார் முதலில் வரும்? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகுதான் நாற்காலி போடவே ஆள் வருவார்கள். இந்திய ராணுவத்திலிருந்து ஐ.நா. பணிக்கு அனுப்பப்பட்ட அதிகாரியாக எத்தியோப்பியா-எரித்திரியா எல்லையில் நான் செய்த வேலை இதுதான். கூட்டத்துக்கு முன்பு இரண்டு தரப்பிடமும் போய்ப் பேசுவது, கூட்டத்தில் குறிப்பெடுப்பது, முடிந்த பிறகு இருவரும் ஒப்புக்கொள்ளும் வாசகத்தில் அந்தக் குறிப்பை எழுதி அனுப்புவது.

அந்த வேலை எனக்கு ஒரு விஷயத்தை உறுதியாகக் கற்றுக்கொடுத்தது. கையெழுத்துக்கு மறுநாள் காலையில் ஒரு சிக்கல் வந்தால் யார் யாரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று தீர்மானமாகாத சமாதானம் நிற்காது. அந்த இரண்டு நாடுகளுக்கிடையே மறுபடியும் போர் மூளுமோ என்ற பேச்சு கிளம்பியிருக்கும் இந்தக் காலத்தில் அதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இந்தப் பகையின் வேரில் ஒரு நட்பு இருக்கிறது. எரித்திரியாவையும் சேர்த்து எத்தியோப்பியாவை ஆண்ட மெங்கிஸ்து ஹைலே மரியத்தின் ராணுவ ஆட்சியை எதிர்த்து எரித்திரிய மக்கள் விடுதலை முன்னணியும், வட எத்தியோப்பியாவின் டிக்ரே மக்கள் விடுதலை முன்னணியும் கூட்டாகப் போரிட்டன. 1991-இல் அந்த ஆட்சி விழுந்தது. எரித்திரியத் தலைநகர் அஸ்மாராவில் இசயாஸ் அஃப்வெர்கியும், எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் மெலஸ் செனாவியும் பொறுப்புக்கு வந்தார்கள். 1993-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி எரித்திரியா தனிநாடானபோது எத்தியோப்பிய அரசு அதை மனமுவந்து ஏற்றது. எல்லையின் இருபுறமும் பெரும்பாலானோர் பேசுவது ஒரே டிக்ரின்யா மொழி. கும்பிடுவதும் ஒரே மரபைச் சேர்ந்த தேவாலயங்களில். ஆனால் சுமார் 1,000 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லையைத் தரையில் யாரும் அளந்து கல் நட்டிருக்கவில்லை. கையில் இருந்தவை இத்தாலிய காலனி அரசும் எத்தியோப்பியப் பேரரசர் மெனலிக்கும் 1900, 1902, 1908 ஆண்டுகளில் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் மட்டுமே.

1997 நவம்பரில் எரித்திரியா தன் சொந்த நாணயமான நக்ஃபாவை வெளியிட்டதும், எல்லை வணிகத்துக்கு இனி டாலர் வேண்டும் என்றது எத்தியோப்பியா. உறவு முறுகியது. 1998 மே 6 அன்று பாத்மே என்ற சின்ன ஊரின் அருகே துப்பாக்கிகள் வெடித்தன. எண்ணெய் வளமோ சுரங்கமோ இல்லாத, புழுதி பறக்கும் சமவெளி அது. அடுத்த மாதமே விமானங்கள் அஸ்மாராவிலும் எத்தியோப்பியாவின் மெக்கெல்லேயிலும் குண்டு போட்டன; மெக்கெல்லேயின் ஐடர் பள்ளியில் குழந்தைகள் செத்தார்கள். முதல் உலகப் போரைப் போலப் பதுங்குகுழிகள் தோண்டி, அலை அலையாகக் காலாட்படையை அனுப்பி இரண்டு வருடம் சண்டையிட்டார்கள். இறந்தவர்கள் 70,000 முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. ஒரு குடும்பச் சொத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் வரப்புக்காக வெட்டிக்கொள்ளும் பங்காளிச் சண்டையின் மூர்க்கம் அதில் இருந்தது.

அங்கே போவதற்கு முன் நான் படித்த கோப்புகளில் மிகவும் பயன்பட்டவை தோற்றுப்போன சமரச முயற்சிகளைப் பற்றியவை. போர் தொடங்கிய சில வாரங்களிலேயே அமெரிக்காவும் ருவாண்டாவும் ஒரு திட்டம் கொண்டுவந்தன. எத்தியோப்பியா ஏற்றது, எரித்திரியா ஏற்கவில்லை. 1998 இறுதியில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு வகுத்த கட்டமைப்புத் திட்டத்தையும் எத்தியோப்பியா ஏற்றது; எரித்திரியா விளக்கங்கள் கேட்டுக்கொண்டிருந்தது. 1999 பிப்ரவரியில் பாத்மேயை எத்தியோப்பியா திரும்பப் பிடித்தது. அடுத்த சில நாட்களில் எரித்திரியா அதே திட்டத்தை ஏற்றுக்கொண்டது. இப்போது தயங்குவது எத்தியோப்பியாவின் முறை. நடைமுறை ஏற்பாடுகளை விவரித்த ஆவணத்துக்கு எரித்திரியா சம்மதித்தபோது எத்தியோப்பியா ஆட்சேபித்தது. 2000 மே மாதம் பெரும் தாக்குதல் தொடுத்து எரித்திரியாவுக்குள் வெகுதூரம் முன்னேறியது.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். களத்தில் பின்வாங்கியவர் காகிதத்தை ஏற்கிறார். முன்னேறுபவர் காகிதத்தில் குறை காண்கிறார். சமரசம் செய்ய வருகிறவர் வாசகத்தைத் திருத்தித் திருத்திக் காலத்தைப் போக்குகிறார். சிக்கல் வாசகத்தில் இருப்பதில்லை. இரு தரப்பும் 'இதற்கு மேல் சண்டையிட்டால் கையில் இருப்பதும் போகும்' என்று ஒரே வாரத்தில் நினைக்கும் தருணம் ஒன்று உண்டு. அது வரும்போது ஆவணம் தயாராக இருக்க வேண்டும். அல்ஜீரியா தயாராக வைத்திருந்தது. 2000 ஜூன் 18 அன்று அல்ஜியர்ஸில் சண்டை நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பர் 12 அன்று முழுச் சமாதான ஒப்பந்தத்தில் இசயாசும் மெலசும் கையொப்பமிட்டார்கள். அல்ஜீரிய அதிபர் பூதஃப்ளிகா, ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான், அமெரிக்க வெளியுறவுச் செயலர் மேடலின் ஆல்பிரைட் உடனிருந்தனர்.

ஜூன் ஒப்பந்தத்தின்படி, எத்தியோப்பியப் படை 1998 மே 6-க்கு முன்பிருந்த நிலைகளுக்குத் திரும்ப வேண்டும். எரித்திரியப் படை அங்கிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 25 என்ற கணக்கு பீரங்கியின் வீச்சை வைத்து வந்தது. நடுவிலுள்ள நிலம் இடைக்காலப் பாதுகாப்பு மண்டலம். அதைக் கண்காணிக்க அதிகபட்சம் 4,200 பேர் கொண்ட ஐ.நா. படை. இந்தியா, ஜோர்டான், கென்யா ஆகிய நாடுகளின் பட்டாலியன்கள் நீண்ட காலம் அங்கே இருந்தன. மண்டலத்தின் நடுப்பகுதி இந்தியப் படையின் பொறுப்பு. 2004 முதல் 2006 வரை அந்தப் படைக்கே தளபதியாக இருந்தவரும் ஓர் இந்தியர், மேஜர் ஜெனரல் ராஜேந்தர் சிங்.

மண்டலத்தில் எழும் சிக்கல்களைத் தீர்க்க ராணுவ ஒருங்கிணைப்புக் குழு என்ற ஒன்றை ஒப்பந்தம் உருவாக்கியிருந்தது. ஐ.நா. படைத்தளபதி தலைமை தாங்குவார்; இரு நாட்டு உயரதிகாரிகளும் ஆப்பிரிக்க அமைப்பின் பிரதிநிதியும் வருவார்கள். இரு தலைநகரங்களிலும் கூட முடியாது என்பதால் பெரும்பாலும் நைரோபியில் கூட்டம் நடக்கும். அஸ்மாராவுக்கும் அடிஸ் அபாபாவுக்கும் நடுவே ஐ.நா. விமானம் நேராகப் பறப்பதற்குக்கூட வருடக்கணக்கில் இரு நாடுகளும் ஒரு வழித்தடத்தில் உடன்படவில்லை. ஜிபூத்தியைச் சுற்றிக்கொண்டுதான் போய்வந்தோம். அந்த விஷயம் கூட்டத்துக்குக் கூட்டம் நிகழ்ச்சி நிரலில் ஏறும். தீராமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். ஆனாலும் அவர்கள் வந்தார்கள். உட்கார்ந்தார்கள். பேசினார்கள்.

பிறகு இந்தக் கூட்டத்தை எல்லைப் பகுதி அளவிலும் நடத்தத் தொடங்கினோம். அதுதான் எனக்குப் பிடித்த வேலை. ஒரு மேய்ப்பன் மாட்டைத் தேடி அந்தப் பக்கம் போய்ப் பிடிபட்டிருப்பான். புதிதாக ஒரு காவல்நிலை முளைத்திருக்கும். முன்னாள் போர்முனையில் மழை மண்ணை அரித்து எலும்புகளை வெளியே காட்டியிருக்கும். யாருடைய பிள்ளை அது என்று சொல்ல ஆள் வேண்டும். அல்லது கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கு ஒரு பாதையில் முன்பு யார் வெடி புதைத்தார்கள் என்று தெரிய வேண்டும். இவற்றைப் பேச எந்த அதிபரின் அனுமதியும் தேவையில்லை.

அப்படி ஒரு கூட்டத்துக்கு இரு பக்கமிருந்தும் வந்திருந்த இரண்டு கர்னல்கள் மெங்கிஸ்து காலத்துப் போராளிகள். மேசையில் ஒருவரையொருவர் 'எதிர்த்தரப்பு' என்றே குறிப்பிட்டார்கள். தேநீர் இடைவேளையில் இருவரும் டிக்ரின்யாவில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு நின்றார்கள். "என்ன விஷயம் சார்?" என்று அந்த எரித்திரிய கர்னலிடம் பிறகு கேட்டேன். "என் தோளில் இன்னும் குண்டுத் துணுக்கு இருக்கிறதா என்று கேட்டார், மேஜர். அன்று என்னைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர்" என்றார். கூட்டம் மறுபடி தொடங்கியதும் மேய்ப்பன் விஷயத்தை இருவரும் விரைவாக முடித்தார்கள். விடுவிக்கும் நாள், இடம், யாரிடம் ஒப்படைப்பது, எத்தனை மாடு என்று நான்கு வரியில் குறிப்பு எழுதினேன். இருவரும் கையொப்பமிட்டார்கள்.

பழைய பாசம் போரை நிறுத்திவிடும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பாசம் 1998-இல் யாரையும் தடுக்கவில்லை. மேய்ப்பன் வீடு திரும்பியதற்குக் காரணம் வேறு. அந்த இரு அதிகாரிகளுக்கும் ஒரு மேசை இருந்தது, ஒரு தேதி இருந்தது, அடுத்த கூட்டத்தில் 'போனமுறை சொன்னதைச் செய்தீர்களா' என்று கேட்க ஒரு மூன்றாம் ஆள் இருந்தார். இவை மூன்றும் இருந்தால் ஒருவரையொருவர் நம்பாதவர்கள்கூட வாக்கைக் காப்பாற்றுவார்கள். நம்பிக்கை முதலில் வந்து பிறகு காரியம் நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். களத்தில் நான் பார்த்தது, சின்னச் சின்னக் காரியங்கள் நடந்து நடந்து, கடைசியில் கொஞ்சம் நம்பிக்கை மிஞ்சுவதைத்தான்.

அரசியல் தலைமைக்கு அப்படி ஒரு மேசை இல்லை. அல்ஜியர்ஸ் ஒப்பந்தம் எல்லைப் பிரச்சினையை முழுவதுமாக ஒரு தீர்ப்புக் குழுவிடம் ஒப்படைத்தது. சர் எலிஹு லாட்டர்பாக்ட் தலைமையில் ஹேகில் இயங்கிய அந்த எல்லைக் குழு, பழைய காலனி ஒப்பந்தங்களையும் சர்வதேசச் சட்டத்தையும் பார்த்துக் கோடு சொல்ல வேண்டும். நியாயம், வசதி என்று கருதி கோட்டை இங்கும் அங்கும் நகர்த்தும் அதிகாரம் அதற்கு இல்லை என்று ஒப்பந்தமே சொல்லிவிட்டது. தீர்ப்பு இறுதியானது, இருவரையும் கட்டுப்படுத்துவது.

2002 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு வந்தது. பாத்மே யார் பக்கம் என்று அதில் வெளிப்படையாக எழுதவில்லை. புவியியல் புள்ளிகளே இருந்தன. இரண்டு நாடுகளும் வெற்றி என்று கொண்டாடின. புள்ளிகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்ததும் பாத்மே எரித்திரியாவுக்குப் போயிருப்பது தெரிந்தது. பாத்மேக்காகப் பிள்ளைகளை இழந்த எத்தியோப்பியக் குடும்பங்களுக்கு என்ன பதில் சொல்வது? 2003 செப்டம்பரில் மெலஸ் ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குக் கடிதம் எழுதி, தீர்ப்பின் முக்கியப் பகுதிகளை ஏற்க முடியாது என்றார்; பேச வேண்டும் என்றார். தீர்ப்பு வந்த பிறகு பேச என்ன இருக்கிறது, முதலில் கல்லை நடுங்கள் என்றார் இசயாஸ்.

சட்டப்படி எரித்திரியா சொன்னதே சரி. எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கோட்டை அப்படியே தரையில் இறக்கினால் சில ஊர்கள் இரண்டாகும். வீடு ஒரு நாட்டிலும் வயல் இன்னொரு நாட்டிலும் இருக்கும். ஈரோப் என்ற சிறுபான்மை மக்களின் மலைக்கிராமங்கள் பிளவுபடும். அவற்றைச் சரிசெய்ய இரு அரசுகளும் உட்கார்ந்து பேசினால்தான் முடியும். நிலம் கைமாறும்போது எழும் சிக்கல்களைத் தீர்க்க ஐ.நா. உதவ வேண்டும் என்றும் அதே ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. கல் நடுவதும் பேசுவதும் ஒன்றாக நடக்க இடம் இருந்தது. ஒருவர் கல்லை மட்டும் கேட்டார், மற்றவர் பேச்சை மட்டும் கேட்டார். 2004-இல் கோஃபி அன்னான் கனடாவின் லாயிட் ஆக்ஸ்வர்தியைச் சிறப்புத் தூதராக நியமித்தபோது, தீர்ப்பைத் திறக்கத்தான் வருகிறார் என்று எரித்திரியா அவரைச் சந்திக்கவே மறுத்தது.

உத்தரவாதம் கொடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒப்பந்தத்தை மீறினால் ஐ.நா. சாசனத்தின் 7-ஆம் அத்தியாயத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம் என்று 2000 ஜூன் உடன்பாட்டிலேயே எழுதியிருந்தது. தீர்ப்பை நிறைவேற்ற மறுத்த எத்தியோப்பியா மீது யாரும் அந்தப் பிரிவைக் கையில் எடுக்கவில்லை. எரித்திரியாவின் கோபம் ஐ.நா. படை மீது திரும்பியது. 2005 அக்டோபரில் எங்கள் ஹெலிகாப்டர்கள் பறக்கத் தடை. அந்த டிசம்பரில் சில நாட்டு ஊழியர்களுக்கு வெளியேறும் உத்தரவு. 2007 டிசம்பரில் எரிபொருளும் நின்றது. 2008 ஜூலையில் படையே கலைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2006-க்குப் பிறகு, ராணுவ ஒருங்கிணைப்புக் குழு கூடுவது நின்றுபோயிருந்தது. என்னைப் பொறுத்தவரை அன்றே அந்தச் சமாதானத்தின் உயிர் போய்விட்டது. பிறகு பத்து வருடம், போரும் இல்லாமல் அமைதியும் இல்லாமல், இரு ராணுவங்களும் முறைத்துக்கொண்டு நின்றன. எரித்திரிய இளைஞர்கள் முடிவில்லாத கட்டாய ராணுவ சேவையில் வயதைத் தொலைத்தார்கள். பலர் தப்பி மத்தியதரைக் கடலில் மூழ்கினார்கள்.

2018-இல் எல்லாம் தலைகீழானது. எத்தியோப்பியாவின் புதிய பிரதமர் அபி அகமதுவின் அரசு ஜூன் மாதத்தில் அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தையும் தீர்ப்பையும் முழுதாக ஏற்பதாக அறிவித்தது. ஜூலை 8 அன்று அவர் அஸ்மாரா விமான நிலையத்தில் இறங்க, இசயாஸ் கட்டித் தழுவி வரவேற்றார். மறுநாள் போர்நிலை முடிந்ததாகக் கூட்டறிக்கை. தொலைபேசி இணைப்பு வந்தது. இருபது வருடம் குரல் கேளாத சகோதரர்கள் பேசினார்கள், முன்பின் தெரியாத எண்களைச் சுழற்றி வாழ்த்துச் சொன்னவர்களும் உண்டு. நேர் விமானம் பறந்தது. ஜிபூத்தியைச் சுற்றிய எங்களில் பலர் அந்தச் செய்தியைப் படித்துக் கண் கலங்கினோம். செப்டம்பர் 11, எத்தியோப்பியப் புத்தாண்டு அன்று சலம்பெசாவில் எல்லை திறந்தது. போரில் தரைமட்டமான அந்த ஊரின் சாலையில் மக்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். 2019-இல் அபிக்கு அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

நான் சந்தோஷத்தோடுதான் அந்த அறிக்கைகளைப் படித்தேன். படித்து முடித்ததும் என் தொழில் புத்தி கேள்வி கேட்டது. கூட்டறிக்கையில் ஐந்து அம்சம், பிறகு சவுதி அரேபியாவின் ஜெட்டாவில் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஏழு பிரிவு. சுங்கவரி யார் வசூலிப்பது? நக்ஃபாவுக்கும் எத்தியோப்பிய நாணயமான பிர்ருக்கும் மாற்று விகிதம் என்ன? எல்லை கடக்க என்ன அட்டை வேண்டும்? கல் நடுவது எப்போது? எதற்கும் அதில் பதில் இல்லை. எல்லையின் எத்தியோப்பியப் பக்கத்தில் வாழும் டிக்ரே மக்களின் மாநில நிர்வாகம் மேசையில் இல்லவே இல்லை. 1997-இல் பகையைத் தொடங்கிவைத்த அதே வணிகம், நாணயச் சிக்கல்கள் பேசப்படாமலேயே லாரிகள் ஓடத் தொடங்கின. சில மாதங்களில் எல்லைக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 2020 நவம்பரில் எத்தியோப்பிய அரசுக்கும் டிக்ரே முன்னணிக்கும் இடையே போர் வெடித்தபோது எரித்திரியப் படை அந்த அரசின் பக்கம் நின்று டிக்ரேக்குள் நுழைந்தது. இருவர் தழுவியது மூன்றாமவருக்கு எதிரான கூட்டணியாக முடிந்தது.

2000-இல் விவரமான ஒப்பந்தம் இருந்தது, தலைவர்கள் பேசிக்கொள்ளவில்லை. 2018-இல் தலைவர்கள் தழுவிக்கொண்டார்கள்; விவரமான ஒப்பந்தம் இல்லை. இரண்டு முறையும் கையெழுத்துக்கு மறுநாளைப் பற்றித் தலைவர்கள் யோசிக்கவில்லை.

இப்போது வாய்ப்பு எப்படி இருக்கிறது? 2022 நவம்பர் 2 அன்று பிரிட்டோரியாவில் எத்தியோப்பிய அரசும் டிக்ரே முன்னணியும் உடன்பாடு செய்தன. எரித்திரியா அதில் தரப்பு அல்ல. தங்கள் ஊர்களில் எரித்திரியப் படை இன்னும் நிற்பதாக ஈரோப் மக்கள் முறையிடுகிறார்கள். 2023 அக்டோபர் முதல் அபி, செங்கடலுக்கு வழி கிடைப்பது தம் நாட்டின் இருப்புக்கே அடிப்படை என்று பேசிவருகிறார். எரித்திரியாவின் அசாப் துறைமுகம் அவர் மனதில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 12 கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட, கடலில்லாத நாட்டின் கவலை உண்மையானது. முப்பது வருடம் போராடி நாடு பெற்றவர்கள் தம் கடற்கரையைப் பற்றி இன்னொருவர் பேசும்போது கொதிப்பதும் உண்மையானது.

பெரிய ஒப்பந்தம் ஒன்று விரைவில் வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பேச இடமுள்ள விஷயங்கள் இருக்கின்றன. துறைமுகத்தின் உரிமையைப் பேசினால் போர். உபயோகத்தைப் பேசினால் வணிகம். 1998-க்கு முன்பு எத்தியோப்பியாவின் இறக்குமதியில் பெரும்பகுதி அசாப் வழியாகத்தான் வந்தது. கட்டணம், சுங்கம், லாரிப் பாதை என்று அதை மறுபடி எழுத முடியும். அசாப் யாருக்குச் சொந்தம் என்ற பேச்சை எத்தியோப்பியத் தலைமை முதலில் கைவிட வேண்டும். ஹேக் தீர்ப்பின் கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மேய்ச்சல், வயல், தேவாலயம், கல்லறை ஆகியவற்றுக்குப் போய்வரும் உரிமையை ஊர் ஊராக ஒப்புக்கொள்ளலாம். அதைப் பேசும் இடத்தில் டிக்ரேக்கும் ஈரோப் மக்களுக்கும் நாற்காலி வேண்டும். கோடு ஓடுவது அவர்கள் முற்றத்தில்.

இவற்றுக்கெல்லாம் முன்பே, யாருடைய கௌரவமும் குறையாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ராணுவ ஒருங்கிணைப்புக் குழுவை மீண்டும் கூட்டலாம். அதற்கு உச்சிமாநாடு வேண்டாம், புதிய ஒப்பந்தமும் வேண்டாம். இரு ராணுவங்களிலிருந்தும் அதிகாரம் உள்ள இருவர், இருவரும் ஏற்கும் ஒரு மூன்றாம் நாட்டில், மாதம் ஒருமுறை சந்திக்க வேண்டும். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகம் அடிஸ் அபாபாவிலேயே இருப்பதால், தலைமை தாங்குகிறவர் எரித்திரியாவும் நம்பக்கூடிய வெளியாளாக இருப்பது நல்லது. முதல் கூட்டத்தில் எல்லையைப் பேச வேண்டாம். படை நகர்வை முன்கூட்டித் தெரிவிப்பது, நள்ளிரவில் கூப்பிட ஒரு தொலைபேசி எண், பிடிபட்டவர்களின் பட்டியல் ஆகிய மூன்றும் போதும். கூட்டம் முடிந்ததும் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வார் என்று எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். அடுத்த மாதம் அதை வாசித்துவிட்டுத்தான் அடுத்த பொருளுக்குப் போக வேண்டும்.

மத்தியஸ்தத்தில் ஆர்வமுள்ள அரசுகளுக்கும் ஒரு வேண்டுகோள். கையெழுத்து விழாவுக்கு ஒதுக்கும் பணத்திலும் கவனத்திலும் ஒரு பங்கை அதற்குப் பிந்தைய பத்து வருடத்துக்கு ஒதுக்குங்கள். 2002-க்குப் பிறகு பாதுகாப்புச் சபை காட்டிய அலட்சியத்தின் விலையை டிக்ரேயிலும் எரித்திரியாவிலும் சாதாரணக் குடும்பங்கள் கொடுத்துவிட்டன. அந்த எல்லையில் இப்போதும் ஒரு மேய்ப்பன் தவறிப் போய்ப் பிடிபட்டால், அவனை விடுவிக்கச் சொல்லிக் கேட்க அதிகாரபூர்வமான ஒரு மேசை இல்லை. முதலில் அந்த மேசையைப் போட வேண்டும். இன்னொரு போர் முடியும்வரை அதற்காகக் காத்திருக்கக் கூடாது.